ஹெல்மெட் போடாததற்கு ஆறு நாள் சிறையா?

கரிசல்மண்:
என் தம்பிக்கு 22 வயது. ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அம்மாவுக்கு இன்சுலின் வாங்க பைக்கில் போனான். ஹெல்மெட் போடவில்லை. அது தப்புதான், நான் மறுக்கவில்லை. திரும்பி வரும்போது முக்கு ரோட்டில் மறித்தார்கள். டிஜிலாக்கரில் லைசென்ஸைக் காட்டினான். ஒரிஜினல் எங்கே என்று கேட்டு வண்டிச் சாவியை உருவிக்கொண்டார்கள். "சலான் போடுங்க சார், கட்டிடுறேன். மருந்து சூடாயிடும். சாவியை எடுக்கச் சட்டத்துல இடம் இருக்கா?" என்று கேட்டிருக்கிறான். அந்தக் கடைசிக் கேள்வியில்தான் எல்லாம் மாறிப்போனது.

ராத்திரி ஏழரைக்கு ஸ்டேஷன். சட்டையைக் கழற்றச் சொல்லி, அரைஞாண் கயிற்றையும் அறுத்துவிட்டு, விடிய விடிய ஒரு மூலையில் உட்கார வைத்தார்கள். வீட்டுக்கு ஒரு போன் கூட இல்லை. நாங்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடிக்கொண்டிருந்தோம். மறுநாள்தான் எஃப்.ஐ.ஆர். ஆபாசமாகத் திட்டினார், அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தார், மிரட்டினார் என்று மூன்று பிரிவு. ஹெல்மெட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. கிளைச் சிறையில் ஆறு நாள் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான்.

இப்போது கோர்ட்டிலிருந்து சம்மன் வந்திருக்கிறது. குற்றத்தை ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டி முடித்துவிடு என்று ஊரே சொல்கிறது. எனக்கு மனித உரிமை ஆணையத்துக்குப் போக வேண்டும் என்றிருக்கிறது. உங்கள் கருத்து என்ன?

நெல்லைக் கடைக்காரர்:
தம்பி, மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் ஊர் சொல்வதைத்தான் நானும் சொல்வேன். வாய்தா வாய்தாவாக அலைந்தால் நாலைந்து வருஷம் ஓடிவிடும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் பொழைப்பு போகும், வக்கீலுக்குத் தனிச் செலவு. ஆயிரம், இரண்டாயிரம் ஃபைனோடு முடிகிற சமாச்சாரம். போலீஸைப் பகைத்துக்கொண்டு அதே ஊரில் எப்படிக் குடியிருப்பீர்கள்? நான் கடை வைத்திருக்கிறவன், அனுபவத்தில் சொல்கிறேன்.

பழைய காக்கி:
31 வருடம் சர்வீஸ் முடித்து, சிறப்பு எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவன் நான். தம்பி பக்கத்துக் கதை மட்டும்தான் இங்கே இருக்கிறது. எதிர்ப்பக்கமும் கேளுங்கள். சாவியை ஏன் எடுக்கிறோம்? எடுக்காவிட்டால் வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விடுவான். என்னோடு நின்ற ஒரு காவலரை அப்படி ஒருவன் இருபதடி தூரம் இழுத்துக்கொண்டு போனான். முழங்கை எலும்பு இரண்டாக உடைந்தது, இன்றுவரை அவரால் கையை முழுசாக மடக்க முடியாது. பேர், விலாசம் சொல்ல மறுப்பவரை வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம் என்று மோட்டார் வாகனச் சட்டம் 202ஆம் பிரிவே சொல்கிறது. "சட்டத்துல இடம் இருக்கா" என்று கேட்பதிலும் ஒரு தொனி இருக்கிறது. நடுரோட்டில் பத்துப் பேர் போனைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது அந்தத் தொனி எப்படி இருக்கும் என்று நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

கரிசல்மண்:
ஐயா, உங்கள் நண்பருக்கு நடந்தது கொடுமை. அதைச் செய்தவனை உள்ளே தள்ளியது சரிதான். என் தம்பி வண்டியை அணைத்துவிட்டு இறங்கி நின்றவன். போனில் லைசென்ஸைக் காட்டினான், அதில் பேரும் விலாசமும் இருக்கிறது. அப்புறம் 202 எங்கே வருகிறது? தொனிக்காக ஒருவனை ஆறு நாள் அடைக்கலாமா?

மதுரை வக்கீல்:
202 முழுவதையும் படித்துவிட்டுப் பேசுவோம். அபாயகரமாக ஓட்டியது, குடித்துவிட்டு ஓட்டியது, அடுத்தவர் வண்டியை அனுமதியில்லாமல் எடுத்துப்போனது. இவற்றைச் சீருடையில் இருக்கும் அதிகாரி நேரில் பார்த்தால் கைது செய்யலாம். மற்றபடி பேர், விலாசம் தர மறுத்தால் மட்டும். ஹெல்மெட் போடாததற்கு 194டி பிரிவில் 1,000 ரூபாய் அபராதம், லைசென்ஸை மூன்று மாதம் முடக்கலாம். சிறை இல்லை. டிஜிலாக்கரில் காட்டும் லைசென்ஸ் செல்லும் என்று 2018லேயே மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்திவிட்டார்கள். சாவியைப் பிடுங்கலாம் என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. வண்டியைப் பிடித்துவைக்க 207 இருக்கிறது. அது பதிவு, லைசென்ஸ், பர்மிட் இல்லாத வண்டிக்கு.

நான் பார்க்கிற இந்த மாதிரி வழக்குகளில் போக்குவரத்துக் குற்றத்துக்காக யாரையும் கைது செய்வதில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 294பி, 353, 506 என்று போட்டார்கள். 2024 ஜூலைக்குப் பிறகு அதே மூன்றும் புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 296பி, 132, 351 ஆகிவிட்டன. அரசு ஊழியரைத் தடுத்ததற்கான 132, உரிமையாக ஜாமீன் கேட்க முடியாத பிரிவு, அதற்காகவே அதைச் சேர்க்கிறார்கள். அதற்கும் அதிகபட்சத் தண்டனை இரண்டு வருடம்தான். ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக்கூடாது, முதலில் நோட்டீஸ் கொடுத்து வரச்சொல்ல வேண்டும் என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இயந்திரம் மாதிரி ரிமாண்டில், அதாவது காவலில் வைக்கும் உத்தரவில், கையெழுத்துப் போடக்கூடாது என்று மாஜிஸ்ட்ரேட்டுகளுக்கும் அதே தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. எனக்கு ஸ்டேஷனைவிட இந்த ரிமாண்ட் விஷயத்தில்தான் கோபம் அதிகம்.

துறையூர்க்காரி:
என் வீட்டுக்காரர் டிராஃபிக்கில் கான்ஸ்டபிள். மே மாத வெயிலில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, ஷூவைக் கழற்றினால் பாதத்தில் தோல் உரிந்திருக்கும். இன்று இத்தனை கேஸ் பிடி என்று மேலே இருந்து சொல்வார்கள், கீழே ரோட்டில் அம்மாவையும் அக்காவையும் இழுத்துத் திட்டுவார்கள். வக்கீல் சார் சொல்கிற சட்டம் எல்லாம் சரி. அந்தத் திட்டை வாங்கிக்கொண்டு நிற்கிறவனுக்கு என்ன பாதுகாப்பு? 132 மாதிரி ஒரு பிரிவு இல்லாவிட்டால் அவர்களை யார் மதிப்பார்கள்?

மதுரை வக்கீல்:
அம்மா, அந்தப் பிரிவு இருக்கத்தான் வேண்டும். அடித்தவன் மேலும், அடிக்க வந்தவன் மேலும் போடட்டும். கேள்வி கேட்டவன் மேல் போட்டால், நாளைக்கு உங்கள் வீட்டுக்காரரை ஒருவன் நிஜமாகவே அடித்தால்கூட கோர்ட் சந்தேகத்தோடுதான் பார்க்கும். 2018 மார்ச்சில் திருச்சி துவாக்குடி பக்கம் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன தம்பதியை ஓர் இன்ஸ்பெக்டர் விரட்டிப் போய் வண்டியை எட்டி உதைத்தார், பின்னால் இருந்த பெண் விழுந்து இறந்துபோனார். ஆயிரக்கணக்கில் ஜனம் ரோட்டில் உட்கார்ந்தது. அதன் பிறகு ரோட்டில் நின்ற ஒவ்வொரு காவலரும்தானே அந்தக் கோபத்தைச் சுமந்தார்கள்?

துறையூர்க்காரி:
அந்த வாரம் அவர் யூனிஃபார்ம் மேல் வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார். உண்மைதான்.

நெல்லைக் கடைக்காரர்:
எல்லாம் சரி, அந்தப் பையன் எதிர்காலத்தை யோசியுங்கள். எனக்கு அதுதான் முக்கியம். சீக்கிரம் முடிந்தால் நிம்மதியாக வேலைவெட்டியைப் பார்ப்பான்.

கரிசல்மண்:
அண்ணாச்சி, எதிர்காலம்தான் பிரச்சினையே. அவன் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் படிக்கிறான். மூன்று வருடமாகக் காலை நாலரைக்கு எழுந்து கண்மாய்க் கரையில் ஓடுகிறான். வேப்பமரத்தில் கயிறு கட்டி ஏறிப் பழகி, உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. சிறையிலிருந்து வந்த நாளில் அந்தக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி மாட்டுக் கொட்டகையில் போட்டுவிட்டான். இதுவரை திரும்ப எடுக்கவில்லை.

பழைய காக்கி:
தம்பி, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா! அப்படியானால் கேளுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் குற்றத்தை ஒத்துக்கொள்ள விடாதீர்கள். ஃபைன் கட்டினாலும் அது தண்டனைதான். காவலர் தேர்வில் சரிபார்ப்புக்கு வரும்போது அதோடு அவன் கதை முடிந்தது. விடுதலை ஆனால்கூட, "சந்தேகத்தின் பலனை அளித்து" என்று தீர்ப்பில் ஒரு வார்த்தை இருந்தால் கிரிமினல் வழக்கில் சம்பந்தப்பட்டவர் என்றே எடுத்துக்கொள்வார்கள். காவலர் பணி விதி அப்படி. அவனுக்குச் சுத்தமான விடுதலை வேண்டும், இல்லையென்றால் ஹைகோர்ட்டில் வழக்கையே ரத்து செய்ய வேண்டும்.

மதுரை வக்கீல்:
ஐயா சொல்வதுதான் சரியான வழி. ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையில், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528ஆம் பிரிவில் ரத்து மனு போடலாம். ஆணையத்துக்குப் போவதென்றால் சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும், ஏழு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொல்லியிருப்பதால், அதைக் கிடப்பில் போட முடியாது.

பழைய காக்கி:
நான் முதலில் எழுதியதில் சாவியைப் பற்றிச் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன். ரோட்டில் நின்றவன் பயம் அது. ஆனால் ராத்திரி முழுக்க உட்கார வைத்துவிட்டு வீட்டுக்குச் சொல்லாமல் இருந்ததற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். கைது செய்தால் குறிப்பாணை எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும். கைது நடைமுறை பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன டி.கே.பாசு வழக்கிலிருந்து எங்களுக்குப் பாடமாகவே சொல்லித் தந்தது அது. எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆரில் சம்பவ நேரம் என்ன போட்டிருக்கிறது?

கரிசல்மண்:
மறுநாள் காலை 9.40. கைது 10.30.

பழைய காக்கி:
அப்படியானால் ராத்திரி ஏழரைக்கு அவன் ஸ்டேஷனுக்குள் போனதை நிரூபித்தால் வழக்கு நிற்காது. ஸ்டேஷன் கேமரா பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. நாளைக்கே பதிவுத் தபாலில் கேளுங்கள், தகவல் உரிமையிலும் கேளுங்கள். அந்த மருந்துக்கடை பில் இருக்கிறதா?

கரிசல்மண்:
ஒன்பது நாள் கழித்து வண்டியை எடுக்கப் போனபோது மருந்துப் பை ஹேண்டில்பாரிலேயே தொங்கியது. ஐஸ் பாக்கெட் உருகி அட்டைப்பெட்டி ஊறிப்போயிருந்தது. அம்மா அதைத் தூக்கி எறியவில்லை. இருங்கள், பார்த்துவிட்டு வருகிறேன்.

பழைய காக்கி:
இருந்தால் இப்போதே ஜெராக்ஸ் போடுங்கள், போட்டோவும் எடுங்கள். அந்த மாதிரித் தாள் நாளாக நாளாக வெளுத்துவிடும்.

கரிசல்மண்:
இருக்கிறது ஐயா. கடைப் பேர் பாதி அழிந்துவிட்டது. தேதியும் 7.12 பி.எம். என்பதும் தெரிகிறது. தம்பியே போனில் நாலு படம் எடுத்தான்.