நிபாவுல இறப்பு சதவீதம் இவ்ளோ அதிகம், அப்ப டெங்குவுக்கு ஏன் இவ்ளோ மெனக்கெடல்?

பார்டர்_நர்ஸ்:
வணக்கம். பாலக்காடு பார்டர் பக்கத்துல துணை சுகாதார நிலையத்துல விஎச்என்னா (கிராம சுகாதார செவிலியரா) இருக்கேன். காய்ச்சல் கண்காணிப்புக்கு பிளான் போடச் சொல்லியிருக்காங்க. 2018ல கோழிக்கோடு, மலப்புறத்துல நிபா உறுதியான 18 பேர்ல 16 பேர் போய்ட்டாங்க. டெங்குல ஒழுங்கா பாத்துக்கிட்டா 1 சதவீதத்துக்கும் கீழதான். அப்ப நிபாவுக்குத்தானே முதல்ல ஆள் ஒதுக்கணும்? மீட்டிங்ல முக்கால்வாசி நேரம் கொசுப்புழு பேச்சாவே இருக்கு.

எபி_மாணவன்:
அக்கா, சதவீதத்துக்கு முன்னாடி அது எத்தனை பேர்ல வந்ததுன்னு பாருங்க. 2023ல அதே கோழிக்கோட்டுல 6 பேருக்கு நிபா, இறந்தது 2 பேர், 33 சதவீதம். இன்னும் ஒருத்தர் இறந்திருந்தா அதுவே 50 ஆயிருக்கும், அவ்ளோ சின்ன எண்ணிக்கை. அப்புறம் தொடர்புல இருந்தவங்கள தேடித்தேடி டெஸ்ட் பண்ணா லேசா வந்தவங்களும் கணக்குல வருவாங்க, சதவீதம் தானா இறங்கும். டெங்குல மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுட்டு வேலைக்குப் போனவங்க எந்தக் கணக்குலயும் இல்ல. ஆனா ஒரு சீசன்ல அது எத்தனை வீட்டுக்குள்ள போகுதுன்னு உங்களுக்கே தெரியும், சதவீதம் கம்மின்னாலும் உயிர் போறது கம்மின்னு ஆகாது.

பழைய_டாக்டர்:
தம்பி சொன்னது சரி. ஆனா ரெண்டையும் ஏம்மா போட்டி போட வைக்கணும், ரெண்டுக்கும் ஒரே காய்ச்சல் ரிஜிஸ்டர் தானே. 2018ல நிபா எப்படி மாட்டுச்சு? ஒரே வீட்டுல அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் அடுத்தடுத்து மூளைக்காய்ச்சல் மாதிரி வந்தத டாக்டருங்க கவனிச்சு மணிப்பால் வைரஸ் லேபுக்கு சாம்பிள் அனுப்பினதாலதான். அதுக்குள்ள நிறைய பேருக்கு ஆஸ்பத்திரியிலயே தொத்திடுச்சு, பேராம்ப்ரா நர்ஸ் லினியும் அப்படித்தான் போய்ட்டாங்க, நினைச்சா இன்னும் மனசு தாங்கல. அதனால எண்ணிக்கையோட சேத்து ஒரே வீடா, ஒரே தெருவா, காய்ச்சலோட சுயநினைவு தடுமாறுதா, பாத்துக்கிட்டவங்களுக்கும் வந்துச்சா, இதையும் எழுதுங்க. டெங்கு கூடுற தெருவும் இதுலயே தெரிஞ்சிடும்.

பார்டர்_நர்ஸ்:
ரொம்ப நன்றி சார், தம்பிக்கும். போன வார பக்கத்த இப்பதான் புரட்டினேன், காய்ச்சல் 14னு மொத்தமா எழுதி வச்சிருக்கேன், எந்த வீடுன்னே இல்ல. நாளையிலேர்ந்து தெருப் பேரோட எழுதுறேன். சுயநினைவு தடுமாற்றத்துக்கு ரிஜிஸ்டர்ல தனியா ஒரு காலம் (column) போடணுமா, இல்ல கடைசில குறிப்பா எழுதினா போதுமா?

பழைய_டாக்டர்:
தனி காலமே போடும்மா. குறிப்புல எழுதினத யாரும் கூட்டிப் பாக்க மாட்டாங்க.