பெரிய வீட்டு குரூப்: யார் கத்துறது?

பெரியப்பா: ஓசூர்க்காரன் ஸ்டேட்டஸ்ல யார்றா இப்படித் தொண்டை கிழியக் கத்துறது?

தம்பி (ஓசூர்): கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் பெரிப்பா. பா.ரஞ்சித் முன்ன நின்னு ஆரம்பிச்ச குழு. 2018 ஜனவரில கீழ்ப்பாக்கத்துல முதல் கச்சேரி. கானா, ராப், ராக் எல்லாம் கலந்து சாதிக்கு எதிரா கோவமா பாடறாங்க

பெரியப்பா: கலந்தா சத்தம்தான் வரும். கோவம்னா பேசு, எழுது. பாட்டு காதுக்கு இதமா இருக்கணும்

சித்தி (காவேரிப்பட்டணம்): அப்படிங்களா மாமா? பாரதக் கூத்துல துகில் உரியற அன்னைக்கு பாஞ்சாலி வேஷக்காரர் விடிய விடிய தொண்டை கட்டக் கத்துனாரே. முன்னாடி பாய் போட்டு உக்காந்து கண்ணத் தொடச்சிக்கிட்டது யாரு

பெரியப்பா: அது சாமி காரியம்மா

அக்கா (கிருஷ்ணகிரி): சபைல பெரியவங்க எல்லாம் வாய மூடி உக்காந்திருக்காங்கன்னுதானே அவ கத்துறா

பெரியப்பா: இவள வக்கீலுக்குப் படிக்க வெச்சது தப்பு

மாமா (அரூர்): மச்சான், சத்தத்துக்கு எவனும் பயப்படறதில்ல. 2015 அக்டோபர்ல மக்கள் பாட்டு பாடற கோவனை திருச்சில விடியறதுக்குள்ள வீட்டுக்கு வந்து புடிச்சிட்டுப் போனாங்களே, டாஸ்மாக்க மூடுன்னு பாடுனதுக்கு. தேசத்துரோக வழக்கு! கிடாரா வெச்சிருந்தாரு? பறை, கூடப் பாட நாலு பேரு, டீக்கடைல நிக்கிறவனுக்கும் புரியற தமிழு. அதான் பயம்

தம்பி (ஓசூர்): இங்கிலாந்துலயும் இதே கதைதான் மாமா. 1977ல ராணி பட்டத்துக்கு வந்து 25 வருஷம்னு நாடே கொண்டாட்டம். செக்ஸ் பிஸ்டல்ஸ்னு பங்க், அதான் முரட்டு ராக் பாடற பசங்க, தேசிய கீதத்தோட பேரையே வெச்சு ராணிய வறுத்தெடுத்தாங்க. பிபிசி ஒலிபரப்ப மாட்டேன்னுடுச்சு. அப்பவும் விற்பனைப் பட்டியல்ல ரெண்டாவது இடம்

சித்தி (காவேரிப்பட்டணம்): பேரப் பாரு. குரூப்ல புள்ளைங்க இருக்குதுடா

அக்கா (கிருஷ்ணகிரி): எனக்குப் புடிச்சது சோஃபியா அஷ்ரஃப் கொடைக்கானலுக்காகப் பாடுன ராப். அதுவும் 2015தான். யூனிலீவரோட தெர்மாமீட்டர் ஃபேக்டரி, 2001ல மூடுனது, பாதரசக் கழிவ அப்படியே உட்டுட்டாங்க. வேலை பாத்தவங்க வருஷக்கணக்கா மனு, கேஸுன்னு அலைஞ்சாங்க. பாட்டு வந்ததும் லட்சக்கணக்குல பாத்தாங்க. அடுத்த மார்ச்சுல அங்க வேலை பாத்த 591 பேருக்குப் பணம் தர்றோம்னு கம்பெனி கையெழுத்துப் போட்டுச்சு. பாட்டு மட்டுமே சாதிச்சதுன்னு சொல்லல, அந்த சனங்க விடாம நின்னாங்க. ஆனா இங்கிலீஷ்ல பாடுனதாலதான் கம்பெனித் தலைமை காது வரைக்கும் போச்சு. மண்ணு இன்னும் சுத்தமாகலைன்னு 2018ல மறுபடி பாடுனாங்க, டி.எம்.கிருஷ்ணாவும் சேந்து

பெரியப்பா: எந்த கிருஷ்ணா? கர்நாடக சங்கீதக் கச்சேரி பண்றவரா?

அக்கா (கிருஷ்ணகிரி): அவரேதான் பெரிப்பா. 2017ல எண்ணூர்க் கழிவெளில நின்னு புறம்போக்குப் பாட்டு பாடுனாரு. எழுதுனது கபேர் வாசுகி. அனல்மின் நிலையம், சாம்பல், நடுவுல ஆனந்தபைரவி, பேகடான்னு ராகமாலிகை

பெரியப்பா: லிங்க் போடு

மாமா (அரூர்): மச்சான் சத்தத்தையே காணோம்

பெரியப்பா: ரெண்டு தடவ கேட்டேன். புறம்போக்குன்னு நாம திட்டற வார்த்தைய ராகத்துல வெச்சு இழுக்கறாரு, உடம்பு சிலிர்க்குது. கத்தவே இல்ல, ஆனா கோவம் உங்க ராப்புக்குக் கொஞ்சமும் கம்மியில்ல

தம்பி (ஓசூர்): அப்போ ராப்பும் ஓகேவா பெரிப்பா?

பெரியப்பா: அதுக்குள்ள குதிக்காத. அவன் ஓட்டற வேகத்துல பாதி வார்த்தை விழவே மாட்டேங்குது. வரிய எழுதி அனுப்பு, படிச்சிட்டுச் சொல்றேன்

தம்பி (ஓசூர்): ஷிஃப்ட் முடிஞ்சு டைப் பண்ணிப் போடறேன்

பெரியப்பா: பெரிய எழுத்துல போடு. கண்ணாடி ரிப்பேருக்குக் குடுத்திருக்கு