பத்மநாபபுரத்தின் பழைய ஜில்லா கோர்ட்டு

கேள்வி: தக்கலையில் வாய்தாவுக்குக் காத்திருந்தபோது, இங்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நீதிமன்றம் இருந்ததாக ஒரு மூத்த வக்கீல் கூறினார். இது உண்மையா? அக்காலக் கட்டடக்கலையை எங்கே காணலாம்?

பதில் 1: உண்மைதான், ஐயா. 1811-இல், பிரிட்டிஷ் ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோவின் காலத்தில் திருவிதாங்கூரில் ஏற்படுத்தப்பட்ட ஐந்து ஜில்லா நீதிமன்றங்களுள், தக்கலையை ஒட்டிய பத்மநாபபுரமும் ஒன்று. திருவனந்தபுரம், மாவேலிக்கரை, வைக்கம், ஆலுவா ஆகியவை மற்றவை. அதற்கு முன் வரி தண்டிய காரியக்காரர்களே வழக்கையும் விசாரித்தார்கள் (வரி கட்டாதவன் பாடு திண்டாட்டம்தான்).

பதில் 2: கட்டடக்கலைக்கு பத்மநாபபுரம் அரண்மனையில் அரசர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையைப் பாருங்கள். வெயிலை மறித்துக் காற்றை மட்டும் விடும் சாய்ந்த மரச்சட்டங்கள், மைக்கா பதித்த சாளரங்கள், சிரட்டைக்கரி கலந்து மெழுகி முகம் தெரியுமளவு பளபளக்கும் கருந்தரை ஆகியவை இன்றும் உள்ளன.

பதில் 3: 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைந்த பின் நம் மேல்முறையீடுகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றன, 2004 முதல் அதன் மதுரைக் கிளைக்குச் செல்கின்றன.