போட்மன் கொள்கலனுக்குள் வகுப்புச் செயலி: கமராவும் ஒலியும் இல்லை

கொக்குவில் வாத்தியார்:
வணக்கம். லினக்ஸ் வகையான டெபியன் 12, எக்ஸ்11 (சாளரங்களைத் திரையில் காட்டும் பழைய முறை) அமர்வு. சனிக்கிழமை மாலை 6.30க்கு ரொறன்ரோப் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு. அங்கே காலை 9. பெற்றோர் கேட்கும் காணொளிச் செயலி மூலநிரலைக் காட்டாதது. புள்ளிப் பட்டியல்கள் கிடக்கும் மடிக்கணினியில் அதை அப்படியே நிறுவ மனமில்லை. ரூட் (முழு நிர்வாகி) உரிமையில்லாத போட்மன் கொள்கலனில், அதாவது செயலியை மற்றவற்றிலிருந்து பிரித்து ஓட்டும் பெட்டியில், போட்டேன். சாளரம் வருகிறது. /டெவ்/வீடியோ0 (கமரா), பல்ஸ் சாக்கெட் (ஒலிக்கான இணைப்பு வாசல்) இரண்டையும் உள்ளே கொடுத்தும் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்கிறது. கமராவின் உரிமையாளர் ‘நோபடி’ என்று காட்டுகிறது. உள்ளேயும் என் பயனர் எண் 1000தான். கொள்கலனின் கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் ‘பிரிவிலெஜ்ட்’ தெரிவைப் போடலாமா?

பனங்கூடல்:
வேண்டாம் ஐயா, போட்டாலும் தீராது. உள்ளே 1000 என்றாலும் வெளியே நீங்கள் 1000 அல்ல. கொள்கலனுக்கு ஒதுக்கிய பயனர் எண்களைச் சொல்லும் /இடிசி/சப்யுஐடி கோப்பில் உங்கள் வரிசை 100000இல் தொடங்கினால், உள்ளிருக்கும் 1000 வெளியே 100999 (உள்ளே 0தான் வெளியே நீங்கள்; 1இலிருந்துதான் அந்த வரிசை). அந்த எண்ணுக்குக் கமராவும் திறக்காது, சாக்கெட்டும் திறக்காது. உள்ளேயும் வெளியேயும் உங்கள் எண் ஒன்றாக இருக்க, ‘யூசர்என்எஸ்’ தெரிவுக்குக் ‘கீப்-ஐடி’ கொடுத்துப் புதிதாகத் தொடங்குங்கள். ‘நோபடி’ அப்போதும் இருக்கும். வெளியிலுள்ள ரூட்டுக்கு உள்ளே எண் இல்லை, அவ்வளவுதான். கொள்கலனில் பகிர்வு நினைவகம் (செயலியின் பகுதிகள் தரவைப் பகிரும் இடம்) இயல்பாக 64 எம்பிதான். பிள்ளைகள் எல்லோரும் கமராவைத் திறந்ததும் செயலி விழுந்தால் அதையும் கூட்டுங்கள்.

நெல்லியடியான்:
எக்ஸ்11 சாக்கெட்டையும் கொடுத்திருப்பீர்களே, சேர்? மற்றச் சாளரங்களில் நீங்கள் தட்டும் கடவுச்சொல்லை அச்செயலி அதன் வழியே படிக்கலாம். வேலியை அடைத்துவிட்டுப் படலையைத் திறந்து வைத்த கதை. ஒரு செயலி மற்றதில் தட்டுவதைப் பார்க்கவிடாத புதிய முறையான வேலண்ட் அமர்வுக்கு மாறுங்கள்.

கொக்குவில் வாத்தியார்:
நன்றி தம்பிமாரே. கீப்-ஐடி போட்டதும் கமராவும் ஒலியும் வந்துவிட்டன. வேலண்டுக்கும் மாறினேன். ஆனால் திரையைப் பகிர்ந்தால் பிள்ளைகளுக்குக் கறுப்புத்தான் தெரிகிறது. பாடம் முழுவதும் திரையில்தானே இருக்கிறது!

பனங்கூடல்:
வேலண்டில் பொதுவாக எந்தச் செயலியும் திரையை நேரே எடுக்க முடியாது. செயலிகள் செய்தி பரிமாறும் டிபஸ் வழியாக, உங்கள் சம்மதத்தைப் பெறும் இடையாளான போர்ட்டலிடம் கேட்க வேண்டும். நீங்கள் சம்மதித்தால் படம் பைப்வயர் என்ற, படமும் ஒலியும் கடத்தும் சேவையில் வரும். கையால் கட்டிய கொள்கலனில் இவற்றை இணைப்பது பெரும் பாடு. செயலிகளைத் தனிப் பொதியாக அடைத்து ஓட்டும் ஃபிளாட்பக்கில் போர்ட்டல் இணைப்பு ஆயத்தமாகவே இருக்கிறது. என்னைக் கேட்டால் போட்மனை இந்த வேலைக்கு விட்டுவிடுவேன்.

கொக்குவில் வாத்தியார்:
ஃபிளாட்பக் பொதியும் என் கோப்புகளைப் பார்க்குமா?

நெல்லியடியான்:
பொதிக்குப் பொதி வேறுபடும். பொதிகளின் அனுமதிகளை மாற்ற உதவும் ஃபிளாட்சீல் நிறுவி, அச்செயலியின் கோப்பு அனுமதிகளில் வீட்டு அடைவு திறந்திருந்தால் மூடிவிடுங்கள். எக்ஸ்11 சாக்கெட் அனுமதியையும் அங்கேயே பாருங்கள். செயலிக்கு வேலண்ட் பழக்கமில்லையென்றால் அதை மூடியதும் சாளரமே வராது. சனிக்கிழமைக்கு முன்பே சோதித்துவிடுங்கள்.