புகையானுக்கு மருந்து வாங்கப் பணம் அனுப்பும் முன்

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

நெல்லில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி விழுந்த நம் ஊர் வயலை மைனி படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். பிசானப் பருவத்து நெல், பொதி கட்டுகிற சமயம். நடு வயல் வட்ட வட்டமாகத் தீய்ந்து கிடப்பதைப் பார்க்கவே வயிறு எரிகிறது. நம் ஊர்ச் சங்கப் பணத்தில் எல்லார் வயலுக்கும் பூச்சி மருந்து வாங்கிக் கொடுத்து ஒரே நாளில் அடித்துவிடலாம் என்று துபாய் அண்ணாச்சி சொன்னது நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனாலும் அந்தப் பணத்தை அப்படிச் செலவழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வேலை பார்க்கிற இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில், கரவாங் பக்கம் எங்கே பார்த்தாலும் நெல்தான். புகையானை இங்கே வெரெங் என்பார்கள். இந்த நாட்டையே ஆட்டிவைத்த பூச்சி இது. 1970களில் ஐஆர் என்ற புது நெல் ரகங்கள், யூரியா, மானிய மருந்து மூன்றும் சேர்ந்தே வயலுக்கு வந்தன. மருந்து விலையில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் அரசாங்கமே கொடுத்த காலமும் உண்டு. அவ்வளவு மருந்து அடித்தும் 1976, 77இல் புகையான் பெருத்து, முப்பது லட்சம் பேர் ஒரு வருஷம் சாப்பிடக்கூடிய அரிசி அழிந்தது. 1984இல் அரிசியில் தன்னிறைவு அடைந்துவிட்டோம் என்று கொண்டாடினார்கள். இரண்டே வருஷத்தில் பூச்சி மறுபடியும் வந்தது.

மருந்து அடித்த பிறகும் பூச்சி ஏன் பெருகுகிறது? பீட்டர் கென்மோர் என்ற ஆராய்ச்சியாளர் 1970களின் கடைசியில் பிலிப்பைன்ஸ் வயல்களில் இதைத்தான் பார்த்தார். மருந்து அடிக்காத வயலில் புகையான் இருந்தது, ஆனால் தலைதூக்கவில்லை. மருந்து அடித்த வயலில்தான் பல மடங்கு பெருகியது. தாய்ப்பூச்சி முட்டையை இலையுறைக்குள் கீறி வைத்துவிடுகிறது, தெளிக்கிற மருந்து அதைத் தொடுவதில்லை. ஒரு வாரம், பத்து நாளில் குஞ்சுகள் வெளியே வரும்போது அவற்றைத் தின்கிற சிலந்தியும் பூச்சிகளும் இருக்காது, ஏனென்றால் மருந்தில் முதலில் செத்தது அவைதான். நம் வயலில் தண்ணீர் மேல் ஓடுகிற சிலந்தியைப் பார்த்திருப்பீர்கள். ஓநாய்ச் சிலந்தி என்பது அதுதான். ஒரு நாளைக்கு ஐந்து முதல் பதினைந்து பூச்சி வரை தின்னும். பச்சை நிறத்தில் மிரிட் நாவாய்ப்பூச்சி என்று ஒன்று உண்டு, புகையானின் முட்டையையே தேடி உறிஞ்சும். பூச்சி என்று பார்த்ததும் அதையும் சேர்த்து அடித்துவிடுகிறோம்.

இன்னொன்று, புகையான் இருப்பது தூரில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே. டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு மேலாக வீசிப்போனால் பச்சை இலைதான் நனையும். தூரில் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சுகிறவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

சரி, இந்தோனேசியா என்ன செய்தது? 1986 நவம்பரில் ஜனாதிபதி சுகார்தோ ஓர் உத்தரவு போட்டு, நெல்லுக்கு அடிக்கிற 57 மருந்துகளை ஒரேயடியாகத் தடை செய்தார். 1989க்குள் மானியத்தையும் முழுக்க நிறுத்தினார்கள். விவசாயிகளை வாரத்துக்கு ஒரு நாள் வயலிலேயே கூட்டி, பூச்சியையும் சிலந்தியையும் எண்ணிப் பார்த்து முடிவெடுக்கப் பழக்கினார்கள். விளைச்சல் விழவில்லை. பிற்காலத்தில் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்து மருந்து மலிந்தபோது, 2010, 11இல் ஜாவாவில் புகையான் திரும்ப வந்தது. பக்கத்திலிருந்து பார்க்கிறவனாகச் சொல்கிறேன், இதைவிடத் தெளிவான பாடம் நமக்கு வேண்டாம்.

நம்மில் நிறையப் பேருக்குத் தெரியாத ஒரு விஷயத்தையும் சொல்லியே ஆகவேண்டும். அம்பாசமுத்திரம் (அம்பை) நெல் ஆராய்ச்சி நிலையத்தைத் தாண்டித்தானே எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறோம். அங்கே கார்சம்பா என்ற நெல்லிலிருந்து வந்த ஏஎஸ்டி 7 என்ற சிவப்பு நெல், உலகத்தில் புகையான் ஆராய்ச்சி செய்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த பெயர். பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் அத்வால் என்ற ஆராய்ச்சியாளரும் உடன் வேலை செய்தவர்களும் 1971இல் வெளியிட்ட ஆய்வில், புகையானை எதிர்க்கும் இரண்டு மரபணுக்களை அடையாளம் கண்டார்கள். முதலாவது முட்கோ என்ற நெல்லிலும் நம் கோயமுத்தூர் கோ 22 நெல்லிலும் இருந்தது. இரண்டாவது நம் ஏஎஸ்டி 7இல் இருந்தது. இன்றைக்கும் ஒரு புகையான் எந்த வகை என்று சோதிக்க, முட்கோ நெல்லிலும் ஏஎஸ்டி 7இலும் விட்டுத்தான் பார்க்கிறார்கள். நம் ஆற்றுப்பாசனத்தில் விளைந்த நெல் இப்படி அளவுகோலாக நிற்பது எனக்கு அவ்வளவு பெருமை.

ஆனால் ரகத்தை மட்டும் நம்பியும் பயனில்லை. முதல் மரபணுவோடு 1973இல் ஐஆர் 26 ரகம் வந்தது. இரண்டு மூன்று வருஷத்தில் அதையும் தின்னப் பழகிய புகையான் வந்துவிட்டது. இரண்டாவது மரபணுவோடு வந்த ஐஆர் 36 கூடுதல் காலம் தாங்கியது. ஓயாமல் மருந்து அடித்துச் சிலந்தியை ஒழித்துவிட்டால் எந்த ரகமும் நெடுநாள் நிற்காது.

அதனால் சங்கம் செய்ய வேண்டியது என்று எனக்குப் படுவதைச் சொல்கிறேன். தீய்ந்த வட்டத்துக்கு என்ன அடித்தாலும் அது திரும்பாது, அந்தக் குடும்பங்களுக்கு நஷ்டத்தில் ஒரு பங்கைக் கையில் கொடுத்துவிடலாம். ஊரில் இரண்டு பையன்களுக்குச் சம்பளம் பேசி, அறுப்பு வரைக்கும் வயல் வயலாகத் தூரை விலக்கிப் பார்க்கச் சொல்லலாம். சிம்புக்கு, அதாவது ஒரு தண்டுக்கு, ஒரு பூச்சி வந்தால்தான் மருந்தைப் பற்றியே யோசிக்க வேண்டும். குத்துக்கு, அதாவது பல சிம்பு சேர்ந்த ஒரு கொத்துக்கு, ஒரு சிலந்தி இருந்தால் சிம்புக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். அதற்கு மேல் போன வயலுக்கு மட்டும், வேளாண் அலுவலர் சொல்கிற மருந்தைத் தூரில் படும்படி அடிக்கட்டும். செயற்கை பைரித்ராய்டு மருந்துகள் மட்டும் வேண்டவே வேண்டாம், அவை புகையானைப் பெருக்கிவிடும்.

இன்றைக்கே செய்யக்கூடியது, கட்டிக்கிடக்கிற தண்ணீரை வடிப்பதும் யூரியா போடாமல் இருப்பதும். யூரியா கூடினால் பயிர் கறுகறுவென்று செழிக்கும், புகையானுக்கும் அதுதான் பிடிக்கும். அடுத்த கார் பருவ நடவில் எட்டடிக்கு ஓரடி இடைவெளி (பட்டம்) விடச் சொல்லுங்கள். தூரில் காற்றும் வெளிச்சமும் படும், உள்ளே இறங்கிப் பார்க்கவும் வழி இருக்கும்.

மைனி, மேலிருந்து எடுத்த படம் போதாது. தீய்ந்த வட்டத்துக்கு வெளியே பச்சையாக இருக்கிற பத்துக் குத்தை விலக்கி, தூரை மட்டும் கிட்டே வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சிலந்தி எவ்வளவு, புகையான் எவ்வளவு என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் எண்ணிச் சொல்கிறேன். அதுவரை மருந்துக் கடைக்கு யாரும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.