பூஜை நடக்கும் குடைவரையா, பூட்டிக் காக்கும் குடைவரையா?

உளிச்சத்தம்:
குடைவரைகளை, அதாவது பாறையைக் குடைந்து எடுத்த கோயில்களை, பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: வழிபாடு நின்றுபோன இடங்களுக்கு முதலில் போங்கள். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் பிரமன், ஈசுவரன், விஷ்ணு மூவருக்கும் விசித்திரசித்தன் எடுத்த கோயில் என்று சொல்லும் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் கல்வெட்டை (விசித்திரசித்தன் அவனுடைய பட்டப்பெயர்) விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் பக்கத்தில் நின்றே பார்க்கலாம். முகப்பின் இரு ஓரங்களிலும் நிற்கும் வாயிற்காவலர்களைப் பகல் வெளிச்சத்தில் ஆற அமரப் பார்க்கலாம். பூஜை நடக்கும் குடைவரையில் என்ன தெரிகிறது? எண்ணெய்ப் பிசுக்கு, வெள்ளிக் கவசம், குழல்விளக்கு, பாறையை மறைத்து ஒட்டிய பளபளப்பான ஓடு. சிற்பியின் வேலையைத் தவிர மற்ற எல்லாம் தெரிகிறது.

துளசிமாடம்:
மண்டகப்பட்டின் மூன்று கருவறைகளும் காலியாகக் கிடப்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே, ஐயா. மூவருக்கு எடுத்தது என்று கல்வெட்டே சொல்கிறது. அங்கே ஒருவரும் இல்லை. நாமக்கல்லுக்குப் போய்ப் பாருங்கள். மலையின் மேற்கே நரசிம்மர், கிழக்கே அரங்கநாதர். இரண்டும் அந்தப் பகுதியை ஆண்ட அதியர் குல அரசர்கள் குடைவித்தவை, இரண்டிலும் இன்றும் பூஜை உண்டு. இரணியனைக் கிழிக்கும் நரசிம்மரும், கால் தூக்கி உலகளக்கும் திரிவிக்கிரமரும் சுவரில் இருக்கிறார்கள். தீபம் நகரும்போது தூக்கிய காலின் நிழலும் சேர்ந்து நகர்கிறது. சிற்பி இந்த அசையும் வெளிச்சத்தை மனத்தில் வைத்துத்தான் செதுக்கினான். நீங்கள் புகழும் பகல் வெளிச்சம் கருவறை வரைக்கும் எட்டுவதில்லை.

உளிச்சத்தம்:
அந்தத் தீபத்தின் கரி எங்கே போய்ப் படிகிறது, அம்மா? கூரையில்தானே? அஜந்தாவின் ஓவியங்கள் இவ்வளவாவது மிஞ்சியதற்குக் காரணம், பல நூற்றாண்டுகள் அங்கே யாரும் விளக்கேற்றவில்லை என்பதுதான். கைவிட்டதால் பிழைத்தது. கைவிடாத நம் கோயில்களில் நடந்தது என்ன? சுண்ணாம்பு அடித்தார்கள், திருப்பணி என்று மணலைப் பீய்ச்சிக் கல்லைச் சுரண்டினார்கள், கல்வெட்டுகள் மழுங்கிப் போயின.

ஊர்சுற்றி:
அஜந்தாவை இழுத்ததால் உள்ளே வருகிறேன். 1819இல் வேட்டைக்கு வந்து அந்தக் குகைகளைக் கண்ட ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேய அதிகாரி செய்த முதல் காரியம், பத்தாம் குகையின் தூணில் தன் பெயரையும் தேதியையும் கீறியதுதான். பிறகு படியெடுக்க வந்தவர்கள் நிறம் எடுப்பாகத் தெரியட்டும் என்று ஓவியத்தின் மேலேயே வார்னிஷ் பூசினார்கள். ஹைதராபாத் நிஜாம் வரவழைத்த இத்தாலிய வல்லுநர்களும் பூசினார்கள். அது பழுத்து மஞ்சளாகி, ஓவியத்தையே மங்கவைத்தது. இவர்களில் அர்ச்சகர் யார், பக்தர் யார்? சித்தன்னவாசல் குடைவரையின் தாமரைக் குள ஓவியத்தில் மீனும் அன்னமும் பூப்பறிப்பவரும் இன்னும் அழகாகத்தான் இருக்கிறார்கள். அங்கே பூஜை கிடையாது. ஆனாலும் கீறல்கள் வந்து சேர்ந்தன. கெடுப்பதற்கு நம்பிக்கை தேவையில்லை, ஓர் ஆணி போதும்.

உளிச்சத்தம்:
ஆணியோடு வருகிறவனைக் காவலர் தடுக்கலாம். குடத்தோடு எண்ணெய் கொண்டுவருகிறவரைத் தடுத்தால் ஊரே திரண்டு வரும். என் கவலை அதுதான்.

கல்தச்சன்:
சட்டத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1958ஆம் ஆண்டின் நினைவுச்சின்னச் சட்டத்தின் கீழ் வரும் மத்திய தொல்லியல் துறை இடங்களில் நடைமுறை இதுதான்: பாதுகாப்பில் எடுத்துக்கொண்ட காலத்தில் வழிபாடு நடந்திருந்தால் அது தொடரும், நின்றுபோயிருந்தால் புதிதாகத் தொடங்க முடியாது. தஞ்சைப் பெரிய கோயிலில் துறையும் இருக்கிறது, நித்திய பூஜையும் இருக்கிறது. ஆகவே இரண்டில் ஒன்றுதான் என்று நீங்கள் இருவரும் மல்லுக்கட்டுவது எனக்குப் புரியவில்லை.

உளிச்சத்தம்:
தஞ்சை பெரிய இடம், சமாளிக்கிறார்கள். மாமல்லபுரத்து ஆதிவராகர் குகையை எடுத்துக்கொள்ளுங்கள். சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்று மேலே பெயர் பொறித்த இரண்டு அரசர் சிற்பங்கள், கூடவே அரசியர். பல்லவ அரசரின் உருவம் எது என்று பெயரோடு காட்டும் இடம் அது. ஐந்து ரதங்களுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு மாலை வரை சுற்றலாம். இந்தக் குகைக்கு மட்டும் பூஜை நேரம் பார்த்துப் போக வேண்டும். வெளியூரிலிருந்து வருகிறவர் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்.

துளசிமாடம்:
பூஜை இருப்பதால்தான் அந்தக் கதவு தவறாமல் திறக்கிறது! பூஜையில்லாத சிறிய குடைவரைகளில் கம்பிக் கதவுக்கு வெளியே நின்று, சாவி யாரிடம் என்று ஊருக்குள் விசாரித்து, அவர் வயலிலிருந்து வரும்வரை காத்திருக்கும் கதையை ஏன் எழுதவில்லை? உள்ளே போனால் வௌவால் நாற்றம் வேறு. பிள்ளையார்பட்டியில் பாறையிலேயே புடைத்து நிற்கும் கற்பக விநாயகருக்கு இரண்டே கைகள், வலம்புரித் துதிக்கை. கவசம் மறைக்கிறது என்றால் அபிஷேக நேரத்துக்குப் போங்கள். ஈரக் கல்லில் உளி போன தடம் தெரியும். அந்தப் பொறுமை பயணிக்கு இல்லையென்றால் கோயில் என்ன செய்யும்?

ஊர்சுற்றி:
வௌவால் நாற்றத்தில் அம்மா பக்கம். கரியில் ஐயா பக்கம்.

புதுவரவு:
சண்டைக்கு நடுவில் ஒரு கேள்வி. அடுத்த மாதம் கழுகுமலை போகிறோம். எங்கிருந்து தொடங்குவது?

உளிச்சத்தம்:
வெட்டுவான் கோயில், சந்தேகமே வேண்டாம். பாண்டியர் காலத்தில் ஒற்றைப் பாறையை மேலிருந்து கீழாக வெட்டி, வேலை முடியாமல் நின்றுபோனது. விமானத்தில் மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியைத் தவறவிடாதீர்கள். அப்படியே சமணச் சிற்பங்களுக்கும் அவற்றின் கீழுள்ள வட்டெழுத்துகளுக்கும் (தமிழின் பழைய எழுத்து வடிவம்) நேரம் ஒதுக்குங்கள். பாறை சுடும், வெயிலுக்கு முன்னால் ஏறிவிடுங்கள்.

துளசிமாடம்:
ஏறி இறங்குவதற்குள் அடிவாரத்தில் முருகன் நடை சாத்திவிடுவார்கள். அதுவும் குடைவரைதான், ஐயா வசதியாக விட்டுவிட்டார். காலையில் முருகனைப் பார்த்துவிட்டு மாலையில் மலை ஏறுங்கள்.

உளிச்சத்தம்:
மாலையில் ஏறினால் வட்டெழுத்தை டார்ச் அடித்துத்தான் படிக்க வேண்டும்.

துளசிமாடம்:
அடிக்கட்டுமே. அசையும் வெளிச்சம்தானே?