குளுட்டமேட் 166-ஐ எடுத்த பிறகும் பீட்டா-லாக்டமேஸ் பென்சிலினைப் பிடிப்பது எப்படி?

செரீன்எழுபது

வணக்கம். முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செமினாருக்கு, பென்சிலினை உடைக்கும் பாக்டீரியா நொதியான டெம்-1 பீட்டா-லாக்டமேஸ் எடுத்திருக்கிறேன், ஒரே இடத்தில் மூன்று நாளாக மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

எனக்குப் புரிந்த வரை கதை இது. முதல் கட்டத்தில் செரீன் 70-இன் (நொதியின் 70-ஆம் இடத்து அமினோ அமிலம்) ஆக்சிஜன் பென்சிலினின் நாற்கோண வளையத்தில் உள்ள கார்பனைலை, அதாவது கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பைத் தாக்குகிறது, வளையம் உடைந்து மருந்து நொதியோடு எஸ்டராக ஒட்டிக்கொள்கிறது. இரண்டாம் கட்டத்தில் ஒரு நீர் மூலக்கூறு வந்து அந்த எஸ்டரை அறுக்கிறது, செயலிழந்த பென்சிலின் வெளியேறுகிறது. இரண்டு கட்டத்திலும் புரோட்டானை இழுக்கும் காரம் குளுட்டமேட் 166 என்று பாடநூல் சொல்கிறது.

ஆனால் 1992-ல் ஸ்ட்ரினாட்கா குழு வெளியிட்ட 1.7 ஆங்ஸ்ட்ராம் படிக அமைப்பில் அந்தக் குளுட்டமேட்டையே அஸ்பராஜீனாக மாற்றிவிட்டார்கள். அப்படியும் பென்சிலின் செரீன் 70-இல் ஒட்டியிருக்கிறது! காரமே இல்லாமல் முதல் கட்டம் எப்படி நடந்தது? அப்படியென்றால் முதல் கட்டத்துக்குக் காரம் லைசீன் 73 தானே? இன்னொன்று, எக்ஸ் கதிர்ப் படத்தில் ஹைட்ரஜன் தெரியாது என்று சொல்லிக்கொடுத்தார்கள். தெரியாத புரோட்டான் எங்கே இருந்து எங்கே போனது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

அடர்த்திவரைபடம்

நல்ல கேள்வி, இந்தத் துறையில் இருப்பவர்களே பல ஆண்டுகள் இதில் பிரிந்து நின்று வாதாடியிருக்கிறார்கள், அதனால் மாட்டிக்கொண்டதற்கு வருந்த வேண்டாம்.

முதலில் அந்த மாற்றத்தை ஏன் செய்தார்கள் என்று பாருங்கள். இயல்பான டெம்-1 பென்சிலின் ஜி-யை நொடிக்கு ஆயிரம் மூலக்கூறுகள் என்ற அளவில் உடைத்துத் தள்ளும். படிகத்தை மருந்துக் கரைசலில் ஊறவைத்து, எடுத்து, கதிரில் காட்டுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், நடுவில் உருவான எஸ்டரைப் பார்க்க வழியே இல்லை. 166-ஆம் இடத்தை மாற்றினால் மருந்து ஒட்டிக்கொண்டு விடுபடாமல் நிற்கிறது என்பது 1991-லேயே தெரிந்திருந்தது, அதைத்தான் படிகத்தில் பயன்படுத்திக்கொண்டார்கள்.

ஆனால் இங்கே கவனியுங்கள். எஸ்டர் குவிய வேண்டுமென்றால் முதல் கட்டம் இரண்டாம் கட்டத்தைவிட வேகமாக நடந்தால் போதும். முதல் கட்டம் இயல்பான வேகத்தில் நடக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. அது பல மடங்கு மந்தமாகியிருந்தாலும் இரண்டாம் கட்டம் அதைவிட மோசமாக முடங்கியிருந்தால், கொஞ்ச நேரத்தில் படிகம் முழுக்க எஸ்டர் நிறைந்துவிடும். உண்மையில் 166 மாற்றப்பட்ட நொதிகளை இயக்கவியல் முறையில் அளந்தபோது இரண்டு கட்டமுமே வேகம் குறைந்திருந்தன. ஆக, "ஒட்டியிருக்கிறது, அதனால் குளுட்டமேட் முதல் கட்டத்தில் தேவையில்லை" என்ற முடிவை அந்தப் படம் தராது. எவ்வளவு நேரத்தில் ஒட்டியது என்பது படத்தில் பதிவாவதில்லையே.

லைசீன்பக்கம்

மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் லைசீன் 73-ஐ இவ்வளவு சுலபமாக ஓரம் கட்டிவிட முடியாது.

குளுட்டமேட் இல்லாதபோதும் முதல் கட்டம் நடக்கிறது, மெதுவாகத்தான், ஆனால் நடக்கிறது. அப்போது செரீன் 70-இன் புரோட்டானை யாரோ எடுத்தாக வேண்டும், பக்கத்தில் இருப்பது லைசீன் 73. அதோடு, வளையம் உடையும்போது நைட்ரஜனுக்கு ஒரு புரோட்டான் போய்ச் சேர வேண்டும், அந்த வழி லைசீன் 73, செரீன் 130 இரண்டையும் தொட்டுத்தான் போகிறது என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள். ஆக லைசீன் ஏற்கனவே இந்த வேலையின் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறது. 2005-ல் வந்த ஒரு குவாண்டம் கணக்கீட்டு ஆய்வு இரண்டு பாதையும் திறந்திருக்கின்றன, குளுட்டமேட்டும் லைசீனும் சேர்ந்தே செரீனைத் தூண்டுகின்றன என்றுதான் முடித்தது. எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது. நொதி ஒரே ஒரு காரத்தை நம்பித்தான் இருக்க வேண்டும் என்பது நாம் பாடநூல் படத்தில் அம்புக்குறி போடுவதற்காக வைத்துக்கொண்ட விதி.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், செமினாரில் இது நிற்கும். பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்டும் பென்சிலின் பிணைப்புப் புரதங்களிலும் இதே மாதிரி செரீன், இதே மாதிரி லைசீன் உண்டு, ஆனால் 166-க்கு நிகரான குளுட்டமேட் கிடையாது. அவையும் பென்சிலினோடு ஒட்டிக்கொள்கின்றன, விடுபட முடியாமல் செயலிழக்கின்றன, மருந்து வேலை செய்வதே அப்படித்தான். அதாவது 166-ஐ மாற்றிய டெம்-1 ஏறக்குறைய தன் மூதாதைப் புரதத்தின் நடத்தைக்குத் திரும்பிப் போகிறது. பீட்டா-லாக்டமேஸ் புதிதாகச் சம்பாதித்தது ஒமேகா லூப் என்ற வளைவுப் பகுதியில் இருக்கும் குளுட்டமேட்டும், அது அஸ்பராஜீன் 170-உடன் சேர்ந்து பிடித்துவைத்திருக்கும் நீரும்தான்.

அடர்த்திவரைபடம்

பென்சிலின் பிணைப்புப் புரத ஒப்பீடு அருமை, நான் அதை விட்டுவிட்டேன்.

ஹைட்ரஜன் கேள்விக்கு வருகிறேன். எக்ஸ் கதிரைச் சிதறடிப்பது எலக்ட்ரான்கள், ஹைட்ரஜனிடம் இருப்பது ஒன்றே ஒன்று, அதுவும் பிணைப்பில் பக்கத்து அணுவை நோக்கி இழுபட்டுக் கிடக்கும். 1.7 ஆங்ஸ்ட்ராம் படத்தில் அதைத் தேடிப் பயனில்லை. ஆனால் 2002-ல் டெம்-1-ஐ 0.85 ஆங்ஸ்ட்ராம் வரை கொண்டுபோனார்கள், முதல் கட்டத்தின் டிரான்சிஷன் ஸ்டேட்டை, அதாவது வினையின் நடுவே ஒரு கணம் மட்டும் தோன்றும் வடிவத்தைப் போல நடிக்கும் ஒரு போரோனிக் அமிலத்தைச் செரீன் 70-இல் மாட்டிவைத்து. அந்தத் துல்லியத்தில் சில ஹைட்ரஜன்கள் நேரடியாகவே தெரியும், தெரியாத இடத்தில் பிணைப்பு நீளம் காட்டிக்கொடுக்கும். கார்பாக்சிலேட் புரோட்டான் இல்லாமல் இருந்தால் அதன் இரண்டு கார்பன்-ஆக்சிஜன் பிணைப்பும் கிட்டத்தட்டச் சம நீளம், சுமார் 1.25 ஆங்ஸ்ட்ராம். புரோட்டான் ஏறினால் ஒன்று நீண்டு மற்றது குறுகும். அந்தப் படிகத்தில் குளுட்டமேட் 166 புரோட்டானோடு இருந்தது. செரீனிடம் இருந்து கிளம்பியது நீர் வழியாக இங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்று அவர்கள் படித்தார்கள்.

லைசீன்பக்கம்

அதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. போரோனிக் அமிலம் ஒட்டியதும் போரான் எதிர்மின்சுமையோடு நான்முகி வடிவில் உட்காருகிறது, சரி, வடிவம் டிரான்சிஷன் ஸ்டேட்டைப் போலத்தான். ஆனால் அதில் உடைய வேண்டிய வளையமும் இல்லை, புரோட்டானை எதிர்பார்த்து நிற்கும் நைட்ரஜனும் இல்லை. அந்த எதிர்மின்சுமை பக்கத்தில் இருப்பதாலேயே குளுட்டமேட் புரோட்டானைப் பிடித்து வைத்திருக்கலாம் அல்லவா? நடிகர் ஒருவரைப் பார்த்து நிஜ ஆளைப் பற்றி எவ்வளவு சொல்லலாம் என்ற கேள்வி இது.

நியூட்ரான்நிலா

இவர்கள் இருவரும் பேசுவதை வாசித்துக்கொண்டிருந்தேன், ஒரு படிகத்தைச் சொல்லாமல் விட்டதால் எழுதுகிறேன்.

நியூட்ரான் சிதறல். நியூட்ரானைச் சிதறடிப்பது அணுக்கரு, அதனால் ஹைட்ரஜனின் ஐசோடோப்பான டியூட்டீரியம் கார்பனுக்கு இணையாகத் தெரியும். 2013-ல் டோஹோ-1 என்ற நெருங்கிய உறவுக்கார நொதியை, அதன் ஹைட்ரஜன்கள் அத்தனைக்கும் பதில் டியூட்டீரியம் இருக்கும்படி தயாரித்து, இதே மாதிரி ஒரு போரோனிக் அமிலத்தோடு சேர்த்துப் படிகமாக்கிப் பார்த்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட சிரமத்தைப் பாருங்கள்: சேர்மத்தையும் டியூட்டீரியத்தில் செய்தார்கள், போரான் 10 நியூட்ரானை விழுங்கிவிடும் என்பதால் போரான் 11 செறிவூட்டி வைத்தார்கள். அங்கேயும் முதல் கட்டத்தின் காரம் குளுட்டமேட் 166 என்ற பக்கமே ஆதாரம் பலமாக வந்தது. போரோனிக் அமிலம் பற்றிய தயக்கம் இங்கேயும் பொருந்தும்தான், மறுக்கவில்லை, ஆனால் புரோட்டான் எங்கே இருக்கிறது என்பதை இங்கே நேரடியாகவே பார்த்துவிட்டார்கள், ஊகம் அல்ல.

ஒரு சின்ன எச்சரிக்கை: இந்த எண்கள் ஆம்பிளர் எண்முறையில் வருபவை, குடும்பம் முழுக்க ஒரே இடத்துக்கு ஒரே எண் வர வேண்டும் என்று வைத்தது. டெம்-1-இல் 263 அமினோ அமிலங்கள்தான், ஆனால் எண் 290 வரை போகும். வரிசையை எடுத்து ஒன்றிலிருந்து எண்ணினால் 70-இல் செரீன் இருக்காது, பயந்துவிடாதீர்கள்.

செரீன்எழுபது

எல்லோருக்கும் நன்றி, மனதார. எண் விஷயத்தில் நேற்று இரவு முழுக்கத் தவித்தேன், வரிசையில் 70-ஐத் தேடிச் செரீன் கிடைக்காமல் தவறான கோப்பை இறக்கிவிட்டேன் என்று நினைத்தேன்.

இப்போது நான் வைத்துக்கொண்டது: இயல்பான நொதியில் குளுட்டமேட் முதன்மை, லைசீன் துணைப்பாதை, மாற்றிய நொதியில் அந்தத் துணைப்பாதை மெதுவாக வேலையை முடிக்கிறது. சரிதானா? அப்புறம் ஒரு கடைசிக் கேள்வி. பென்சிலினின் உறவுக்கார மருந்தான இமிபெனெம் மட்டும் இயல்பான டெம்-1-இலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறதாமே, குளுட்டமேட் அங்கேயே இருந்தும்?

அடர்த்திவரைபடம்

சரிதான், "முதன்மை" என்ற சொல்லுக்கு லைசீன்பக்கம் சண்டைக்கு வரலாம், செமினாரில் இரண்டு தரப்பையும் சொல்லிவிடுங்கள்.

இமிபெனெம்: 1998-ல் வந்த படிக அமைப்பைத் திறந்து எஸ்டரின் கார்பனைலைப் பாருங்கள். வழக்கமாக அந்த ஆக்சிஜன் 70, 237 ஆகிய இரண்டு இடங்களின் முதுகெலும்பு நைட்ரஜன்கள் உருவாக்கும் குழிக்குள் உட்கார்ந்திருக்கும், அந்தப் பிடிப்பு இருந்தால்தான் நீர் வந்து தாக்க முடியும். இமிபெனெமில் அது புரண்டு குழிக்கு வெளியே வந்துவிட்டது. குளுட்டமேட் தயாராக இருந்தும் பயனில்லை, கார்பனைல் திரும்ப உள்ளே வரும் வரை நொதி காத்திருக்க வேண்டியதுதான். அந்த மருந்தின் ஹைட்ராக்சிஎத்தில் தொகுதி நீருக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டு நிற்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள், அதற்கும் இந்தத் தாமதத்தில் பங்கு உண்டு. 1992 படத்தையும் இதையும் ஒன்றின் மேல் ஒன்று பொருத்தி ஒரே ஸ்லைடில் காட்டினால், எங்கே மாறியது என்று கேட்பவர்களுக்கே தெரிந்துவிடும்.